பெட்டியை நாமே செய்வதா, வாங்குவதா?

ஒலிப்பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நான் ரெதுவியில் மின்னணுப் பொறியியல் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பாட்டிமார் பாடும் மாரியம்மன் பாட்டுகளையும் தீமிதிப் பாட்டுகளையும் பதிவு செய்ய நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து 45,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். மடிக்கணினியில் லினக்ஸ் இருக்கிறது. மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் விஷயத்தில்தான் தகராறு. "வரைபடமெல்லாம் திறந்தே கிடக்கிறது, நாமே செய்வோம், எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம்" என்கிறார்கள் இருவர். திறந்த மூல டிரைவர் (பெட்டியோடு கணினி பேச உதவும், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிரல்) எழுதுபவர்களுக்கு ஒத்துழைக்கும் கம்பெனியில் வாங்கி அவர்களை ஆதரிப்பதே சரி என்கிறேன் நான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— மாணவர், ரெதுவி

பதில்: தம்பி, உங்கள் தகராறில் இரண்டு பக்கமும் நான் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் இந்த மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2012-ல் நானே ஒரு பெட்டி கட்டினேன். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் பிசிஎம்2902 என்ற சிப். ஒலியை எண்ணாக மாற்றுவது, எண்ணைத் திரும்ப ஒலியாக்குவது, யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசுவது, மூன்றும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதன் தகவல் ஏடு யாருக்கும் கிடைக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒன்று, கொஞ்சம் கப்பாசிட்டர், முன்னால் ஒரு மைக் பெருக்கி, அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். அந்த சிப்புக்கு 28 கால்கள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் 0.65 மில்லிமீட்டர். தலையில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு முதலில் எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டை மட்டும் சால்டர் வைத்துப் பிடிப்பேன். சிப் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்துவிட்டு, ஃபிளக்ஸ் தடவி ஒரு பக்கம் முழுக்க ஈயத்தை ஒரே இழுப்பாக இழுப்பேன். இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டால் செப்புப் பின்னலை வைத்துச் சூடு காட்டினால் அது ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். கணினியில் செருகியதும் டிரைவர் எதுவும் கேட்காமல் பட்டியலில் வந்து நின்றது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்புறம் ஹெட்ஃபோனை மாட்டினேன். பாட்டுக்கு அடியில் 50 ஹெர்ட்ஸ் ஹம். அதற்கு மேலே மெல்லிய விசில். ஹம்முக்குக் காரணம் எர்த். நம் மொரீஷியஸ் தீவில் சுவரில் மூன்று பட்டைக்கால் சாக்கெட் இருக்கும், கையில் இரண்டு உருண்டைக்கால் பிளக் இருக்கும், நடுவில் ஒரு அடாப்டர் இருக்கும். அந்த அடாப்டரில் எர்த் தொலைந்துபோகும். விசிலுக்குக் காரணம் வேறு. யுஎஸ்பி ஒரு விநாடிக்கு 1,000 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பு போர்டின் எர்த் பாதை வழியாக மைக் பெருக்கிக்குள் ஏறினால் 1,000 ஹெர்ட்ஸ் விசிலாகக் கேட்கும். போர்டில் பாதைகளைத் திருத்திப் போட்டு மறுபடி அச்சிடச் சீனாவுக்கு அனுப்பினேன். வந்து சேர மூன்று வாரம். இரண்டாம் முறையும் சரிவரவில்லை. மூன்றாம் முறை நின்றது.

அந்த மாதங்களில் ரிவியேர் தியு ரம்பார் பக்கம் ஒரு பாட்டி எனக்காகக் காத்திருந்தார். தீமிதிக்குப் பத்து நாள் விரதத்தில் எந்த நாளுக்கு எந்தப் பாட்டு என்று வரிசையாகத் தெரிந்தவர். "பெட்டி தயாரானதும் வருகிறேன் பாட்டி" என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் போர்டு வந்து சேருவதற்குள் அவருக்குப் பக்கவாதம் வந்து நாக்கு இழுத்துக்கொண்டது. நான் போனபோது மகள் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு பாட்டு பாடினார். சொற்கள் பாதிக்குமேல் விளங்கவில்லை. அந்த நான்கும் என்னிடம் இருக்கின்றன, விசில் இல்லாமல், ஹம் இல்லாமல்.

இதற்காகத்தான் சொல்கிறேன், பதிவுக்கான பெட்டியை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். கட்டுவதைப் பிறகு பேசலாம். கட்டத்தான் வேண்டும், அதற்கும் வருகிறேன்.

எதை வாங்குவது? அதற்கும் பட்ட அனுபவம் உண்டு. 2006-ல் இரண்டு வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு ஃபயர்வயர் பெட்டி வாங்கினேன். ஃபயர்வயர் என்பது யுஎஸ்பி போல இன்னொரு பழைய இணைப்பு முறை. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். லினக்ஸுக்கு டிரைவர் எழுத முன்வந்த தன்னார்வலர்களுக்கு அந்தப் பெட்டியோடு பேசும் முறையைச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டு எழுதினேன். "அந்த இயங்குதளத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என் பணத்தில் வாங்கிய பெட்டி, அதில் ஒரு பாகமும் கெடவில்லை, ஆனால் அது என்ன மொழியில் பேசுகிறது என்பது மட்டும் எனக்குச் சொல்லப்படவில்லை. பின்னால் அந்தக் கம்பெனியே விண்டோஸுக்கும் புது டிரைவர் போடுவதை நிறுத்தியது. பெட்டி அலமாரிக்குப் போனது.

இதற்கு நேர் எதிரான கம்பெனிகளும் இருந்தன. எக்கோ டிஜிட்டல் ஆடியோ தன் ஒலி அட்டைகளுக்கான டிரைவர் நிரலைக் கட்டற்ற உரிமத்தில் திறந்து கொடுத்தது. லினக்ஸ் டிரைவர் அதன் மேல்தான் கட்டப்பட்டது. ஜெர்மனியின் ஆர்எம்இ, ஹேமர்ஃபால் அட்டைகளுக்கான விவரங்களைக் கொடுத்ததால் பால் டேவிஸ் அவற்றுக்கு டிரைவர் எழுதினார். அமேசானின் ஆரம்ப நாள்களில் அங்கே நிரல் எழுதிய இருவரில் ஒருவர் அவர். அங்கிருந்து வெளியேறி ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளையும் ஜாக் என்ற ஒலி இணைப்பு அமைப்பையும் உண்டாக்கியவர். இன்றைக்கு நான் பாட்டிகளின் குரலைப் பதிவு செய்வது ஆர்டரில்தான். என்வி24 என்ற சிப்பின் விவரங்கள் கிடைத்ததால் அதைப் பயன்படுத்திய எம்-ஆடியோ டெல்டா அட்டைகள் இருபது வருடத்துக்குப் பிறகும் லினக்ஸில் ஓடின. அவற்றைச் செருக இடம் உள்ள மதர்போர்டுதான் கிடைக்காமல் போனது. ஒரு ஏடு வெளியே வந்ததால் ஒரு பொருளுக்கு எத்தனை ஆயுசு என்று பாருங்கள்.

ஆனாலும் தம்பி, "நல்ல கம்பெனி" என்ற ஒன்றை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கம்பெனியில் அந்த நல்ல மனசுக்காரர் வேலையை விட்டுப் போவார். கம்பெனி கைமாறும். அடுத்த மாடலில் கதவு சாத்தப்படும். நான் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டி யுஎஸ்பி ஆடியோவின் பொது விதிப்படி நடக்கிறதா என்பதைத்தான். "கிளாஸ் கம்ப்ளையன்ட்" என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். முதல் விதித்தொகுப்பு 1998-ல் வந்தது, இரண்டாவது 2006-ல். இரண்டாவதை லினக்ஸ் 2010 வாக்கிலேயே ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் தானாக ஏற்றுக்கொண்டது 2017-ல்தான். பொது விதிப்படி பேசும் பெட்டிக்குக் கம்பெனியின் தயவு தேவையில்லை. கம்பெனி மூடிப்போனாலும் அது பேசும். உங்கள் நண்பர்கள் கேட்கும் சுதந்திரத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். "இது ஐபேடில் ஓடுமா?" என்று கேளுங்கள். 2022 வரை ஆப்பிள் தன் ஐபேடில் வெளியார் டிரைவரை ஏற்ற விடாததால், பொது விதிப்படி நடக்கும் பெட்டிகள்தான் அதில் ஓடின. இன்றைக்கும் அதில் ஓடுபவை பெரும்பாலும் அவைதான். நிறையக் கம்பெனிகள் விதிக்குள் வந்ததே ஐபேட் வாடிக்கையாளருக்காகத்தான். அதன் பலன் நமக்கும் வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் பாருங்கள். மைக் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழும், கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானும் பெட்டியின் முகத்திலேயே கையால் தொடும்படி இருக்க வேண்டும். சில பெட்டிகளில் ஒலி பொது விதிப்படி வந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் மிக்சரையும் மற்ற அமைப்புகளையும் கம்பெனியின் மென்பொருளால் மட்டுமே மாற்ற முடியும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் இரண்டாம் தலைமுறைப் பெட்டிகளின் மிக்சர் அப்படித்தான் லினக்ஸுக்கு எட்டாமல் இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி பென்னெட், யுஎஸ்பி கம்பியில் போய்வரும் செய்திகளை உட்கார்ந்து கவனித்து, எந்தக் குமிழுக்கு எந்த எண் என்று கண்டுபிடித்து டிரைவர் எழுதினார். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2019-ல் வெளியான 5.4 பதிப்பில் அது சேர்ந்தது. பிறகு அடுத்த தலைமுறைகளுக்கும் எழுதினார். ஒரு மனிதரின் இத்தனை இரவுகளை ஓர் ஏடு மிச்சப்படுத்தியிருக்கும். இந்த நியாயத்தைத்தான் கம்பெனிகளிடம் நாம் விடாமல் சொல்ல வேண்டும்.

வாங்கியதும் அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். "மொரீஷியசிலிருந்து வாங்கியிருக்கிறோம், லினக்ஸில் ஓடுகிறது என்பதற்காகவே உங்களைத் தேர்ந்தெடுத்தோம்" என்று. வாங்காமல் விட்ட கம்பெனிக்கும் எழுதுங்கள், எதனால் விட்டீர்கள் என்று. 45,000 ரூபாய் அவர்களுக்குப் பெரிய தொகை இல்லைதான். ஆனால் விற்பனைப் பிரிவில் அந்தக் கடிதம் வேறு நாட்டுக் கடிதங்களோடு சேர்ந்து ஒரு கட்டாகும். 2006-ல் எனக்கு இரண்டு வரி பதில் எழுதியவர் மேசையில் அப்படி ஒரு கட்டு இருந்திருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி உங்கள் நண்பர்களுக்கு. அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை நீங்கள் தட்டிவிடக் கூடாது. பாரிஸில் எமிலி ஜில்லே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2022-ல் மூடப்பட்டது. ஆனால் அதன் சின்தசைசர் கருவிகளின் வரைபடமும் நிரலும் திறந்த உரிமத்தில் வெளியாகியிருந்ததால் இன்றைக்கும் வேறு பலர் அவற்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். டிரைவர் திறந்திருந்தால் பெட்டி இருக்கும்வரை ஓடும். வரைபடமும் திறந்திருந்தால் பெட்டியே மறுபடி பிறக்கும். கம்பெனியை எவ்வளவு ஆதரித்தாலும் இது கிடைக்காது.

ஆனால் எங்கே முட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். நாம் திறந்த போர்டு என்று சொல்வதில் நடுவே உட்கார்ந்திருக்கும் சிப் திறந்ததில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்காவில் அசாஹி கசெய் நிறுவனத்தின் சிப் ஆலை எரிந்தது. ஒலியை எண்ணாக்கும் சிப்புகளை அங்கிருந்து வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகள் வேறு சிப்புக்கு மாறி வரைபடத்தையே திருத்த வேண்டி வந்தது. தேர்ந்த பொறியாளர்கள் உள்ள இடத்திலேயே அந்தக் கஷ்டம் என்றால், ஐந்து மாணவர்கள் பரீட்சைக்கு நடுவில் என்ன செய்வீர்கள்? அதோடு, விற்கும் அளவுக்குப் போனால் யுஎஸ்பி அடையாள எண் வாங்கவே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். திறந்த திட்டங்களுக்கு இலவசமாக எண் பகிர்ந்துதரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

ஆகவே எண்ணாக்கும் வேலையை வாங்கிய பெட்டியிடம் விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இருப்பதைக் கட்டுங்கள். மைக் பெருக்கி, வீணைக்கும் ஹார்மோனியத்துக்கும் ஒட்டும் பீசோ மைக்கின் ஒலி வலு குறையாமல் பெட்டிக்குக் கொண்டுபோகும் பஃபர் சர்க்யூட், நாதஸ்வரத்தின் சத்தத்தை 20 டெசிபெல் குறைத்துக் கொடுக்கும் பேட். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்து முதல் ஊதல் ஊதியதுமே நம் மீட்டர் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். எந்த நாட்டுக் கம்பெனியும் அந்தக் கருவியை மனதில் வைத்துப் பெட்டி செய்யவில்லை. இது நாம் செய்தால்தான் உண்டு. பாகங்கள் பெரியவை, சாதாரண சால்டர் கோலே போதும். கெட்டால் கோவில் வாசலிலேயே திறந்து பழுதுபார்க்கலாம். 15 சதவீத வாட் வரி கட்டி வெளியிலிருந்து மறுபடி வரவழைக்க வேண்டாம்.

வரைபடத்தைக் கிகாட் என்ற திறந்த மூல சர்க்யூட் வரையும் மென்பொருளில் போடுங்கள். ழான்-பியெர் ஷராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1992-ல் தொடங்கியது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013-லிருந்து அதன் வளர்ச்சியில் கைகொடுத்தது. உரிமத்துக்கும் அதே செர்ன் எழுதிய திறந்த வன்பொருள் உரிமம் இருக்கிறது. முதல் வடிவம் 2011, இரண்டாம் வடிவம் 2020. இரண்டாவதில் மூன்று வகை. "எஸ்" வகையைப் போட்டால், உங்கள் வரைபடத்தைத் திருத்திப் பொருள் செய்து விற்பவர் தன் திருத்தத்தையும் திறந்தே தர வேண்டும். என் ஓட்டு அதற்குத்தான். நாதஸ்வரப் பேட் டர்பனிலோ ரீயூனியனிலோ யாராவது இன்னும் நன்றாகச் செய்தால் அந்தத் திருத்தம் நமக்கும் திரும்பி வர வேண்டும்.

காவடிக்கு கோர் தெ கார்ட் மலைக் கோவிலுக்கு வருவேன். கட்டியதை எடுத்து வாருங்கள், அங்கேயே நாதஸ்வரத்துக்கு வைத்துப் பார்த்துவிடலாம்.

கேள்வி: என் தம்பி விட்டுப்போன பழைய ஃபயர்வயர் பெட்டி ஒன்று இருக்கிறது. எட்டு மைக் போடலாம். எறிந்துவிடலாமா?
— ஆசிரியை, மாயெபூர்

பதில்: எறியாதீர்கள் அம்மா. எஃப்எஃப்ஏடிஓ என்ற தன்னார்வலர் திட்டத்தின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெர்னலிலேயே வந்துவிட்ட டிரைவர்களும் உண்டு. ஜப்பானின் தகாஷி சகமோட்டோ பெரும்பாலும் ஒற்றை ஆளாக அவற்றைப் பார்த்துக்கொள்கிறார், 2029 வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பஜனைக் குழுவுக்கு எட்டு மைக் இலவசம். பழைய மேசைக் கணினி ஒன்றில் ஃபயர்வயர் அட்டை போட்டு, அதை இந்த ஒரு வேலைக்கே வைத்துவிடுங்கள். இணையத்தோடு இணைக்க வேண்டாம். புதிதாக வாங்குவதானால் மட்டும் ஃபயர்வயர் வேண்டாம்.

கேள்வி: மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் வீணை கற்கிறேன். ஹெட்ஃபோனில் என் வீணையே எனக்குத் தாமதமாகக் கேட்கிறது. நல்ல அட்டை வாங்கினால் சரியாகுமா?
— மாணவி, ரோஸ் ஹில்

பதில்: வாங்குவதற்கு முன் பஃபரைப் பாரும்மா, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் கட்டின் அளவை. விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்) என்ற வேகத்தில் 128 மாதிரிகள் கொண்ட பஃபர் என்றால் ஒன்றுக்கு 2.7 மில்லிவிநாடி. யுஎஸ்பி பெட்டிக்கு மூன்று பஃபர் வைத்தால் 8 மில்லிவிநாடி. காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆகும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரருக்கு உன் வீணை கேட்கும் தாமதம்தான் அது. கச்சேரியில் யாரும் அதை உணர்வதில்லை. உன் கணினியில் பஃபர் 1024-ல் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் 64 மில்லிவிநாடி, அதில் யாராலும் தாளம் பிடிக்க முடியாது. 128-க்குக் கொண்டுவந்து பார். இடையில் படபடவென்று வெட்டினால் 256 வை. பெட்டியில் "டைரக்ட் மானிட்டர்" பொத்தான் இருந்தால் அதை அமுக்கிவிடு, ஒலி கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் கண்டென்சர் மைக் படபடவென்று பொரிகிறது. இன்டர்ஃபேஸ் கெட்டுவிட்டதா?
— கோவில் சபை உறுப்பினர், க்யூர்பிப்

பதில்: உங்கள் ஊர் மழைக்கு அது மைக்காகத்தான் இருக்க வேண்டும் ஐயா. வேறு ஒரு மைக்கை அதே கேபிளில், அதே சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். பொரியவில்லை என்றால் பெட்டி நலமாக இருக்கிறது. கண்டென்சர் மைக்கின் சவ்வுக்கும் பின்தட்டுக்கும் நடுவே ஈரம் ஏறினால் மின்னேற்றம் கசிந்து இப்படிப் பொரியும். பெரும்பாலும் காய்ந்ததும் சரியாகிவிடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு இரண்டு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், சவ்வு போய்விடும். அரிசிக்குள்ளும் புதைக்க வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போனால் பிறகு எடுக்க முடியாது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் லேசாகச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.